மொறுமொறு, மொறமொற, முறுகல்: மூன்றும் ஒரே சொல்தானா?

பாலாற்றங்கரை

வணக்கம். வேலூர் சைதாப்பேட்டையில் இருக்கிறேன். எங்கள் ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பிறந்த ஊர் குடியாத்தத்துக்குப் பக்கத்தில். இன்றைக்கும் தீபாவளிப் பலகாரத்துக்கு மாவு பிசைவது அவர்தான், நாங்கள் அடுப்புப் பக்கம் எடுபிடி. இந்த முறை அவர் பேச்சைக் கவனித்துக் கேட்டேன். முறுக்கைக் கடித்துப் பார்த்து "மொறமொறன்னு கீது" என்றார். தட்டைக்கு "கரகரன்னு கீது". ரிப்பன் பக்கோடாவைக் கையில் உடைத்துவிட்டு "நொறுநொறுன்னு வந்துகிச்சு" என்றார். மூன்றையும் மாற்றிச் சொல்லவே இல்லை. நான் வேண்டுமென்றே தட்டையைக் காட்டி "மொறமொறன்னு இருக்குதா ஆயா?" என்று கேட்டதற்கு, "இது கரகரடா" என்று திருத்தினார்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆறாவது படிக்கும் என் மகள் தீபாவளி பற்றிக் கட்டுரை எழுதினாள். அதில் "மொறமொறப்பான முறுக்கு" என்று எழுதியிருந்ததைப் பள்ளியில் சிவப்பு மையால் சுழித்து "முறுமுறுப்பான" என்று திருத்தியிருக்கிறார்கள். குழந்தை வந்து, "ஆயா சொன்னது தப்பாப்பா?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆயா சொன்னதைத் தப்பு என்று சொல்ல மனசு வரவில்லை.

எது சரி? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? முறுக்கிலிருந்து வந்ததா, அல்லது வெறும் சத்தமா?

காட்பாடி வாசகி

முறுக்கிலிருந்துதான் வந்திருக்கும். முறுக்கு மாதிரி இருப்பது முறுமுறுப்பு. அது பேச்சில் மொறுமொறு ஆகியிருக்கும். நான் இதுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் உங்கள் ஆயா தட்டைக்கும் முறுக்குக்கும் வேறு சொல் வைத்திருப்பதைப் படித்ததும் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று ஞாபகம் வந்தது. எங்கள் அம்மா பாதி தெலுங்குக்காரர். அப்பளத்துக்கும் தட்டைக்கும் "கரகரலாடுதுந்தி" என்பார். கரகர என்பது அந்தப் பக்கத்திலிருந்து நமக்கு வந்திருக்குமோ?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருப்பத்தூர்

பாலாற்றங்கரை அவர்களுக்கு: முதலில் குழந்தையிடம் சொல்லுங்கள், ஆயா சொன்னது தப்பே இல்லை.

சகோதரி, முறுக்கு என்ற பெயர் அதன் பதத்தால் வந்தது அல்ல. வடிவத்தால் வந்தது. கைமுறுக்குச் சுற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மாவைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து முறுக்கி முறுக்கித்தான் வட்டம் போடுவார்கள். முறுக்குவதால் முறுக்கு. அது நமுத்துப்போனாலும் முறுக்குதான், வேகாமல் எடுத்தாலும் முறுக்குதான்.

ஆனால் முறுக்கு என்ற வினைக்கு ஒரு தாய்வினை உண்டு. முறுகு. இறுகு – இறுக்கு, உருகு – உருக்கு, பெருகு – பெருக்கு என்று இருப்பது போல முறுகு – முறுக்கு. தானாக நடந்தால் முறுகும், நாம் செய்தால் முறுக்குவோம். முறுகு என்றால் இறுகுவது, கெட்டிப்படுவது, அளவு மீறிப் போவது, வேகவைத்ததில் பதம் கடந்து காய்ந்து சிவப்பது. முறுகல் தோசை என்று எழுதிப் போடுகிறார்களே, அது இந்த முறுகல்தான். இலங்கைச் செய்தித்தாள்களில் இரண்டு தரப்புக்கும் பகை முற்றினால் "முறுகல் நிலை" என்று எழுதுவார்கள். தோசைக்கும் பகைக்கும் ஒரே சொல். இரண்டிலும் சூடு ஏறி இளக்கம் போய்விடுகிறது.

பழைய இலக்கியத்தில் இதற்கு நல்ல சான்று அப்பர் தேவாரத்தில் இருக்கிறது. ஐந்தாம் திருமுறையில் பாலில் நெய் மறைந்திருப்பது போல இறைவன் மறைந்திருப்பதைச் சொல்லிவிட்டு, "உறவுகோல் நட்டு உணர்வு கயிற்றினால் முறுக வாங்கிக் கடைய முன் நிற்குமே" என்கிறார். மத்தில் கயிற்றைத் தளரவிடாமல் இறுக இழுத்துக் கடைய வேண்டும். அந்த இறுக்கம்தான் முறுக. மாவுக்குள் இருக்கும் இளக்கம் போய் இறுகுவதும் அதே சொல்லுக்குள் வருகிறது.

அடுத்தது மு எப்படி மொ ஆயிற்று என்பது. இது நம் பழைய வடஆற்காட்டுப் பேச்சில் தினமும் கேட்பது. (1989ல் மாவட்டத்தைப் பிரித்தார்கள், 2019ல் மறுபடியும் மூன்றாகப் பிரித்தார்கள். எங்கள் ஊர் இன்று தனி மாவட்டம். எனக்கு வாயில் வடஆற்காடுதான் வருகிறது.) சொல்லின் முதலெழுத்தில் உகரம் இருந்து, அடுத்த எழுத்தில் அ அல்லது ஐ வந்தால், பேச்சில் உ ஒ ஆகும். முகம் மொகம், முறம் மொறம், குடம் கொடம், உடம்பு ஒடம்பு, புகை பொகை. அடுத்த எழுத்தில் உகரமே இருந்தால் மாறாது. முறுக்கு முறுக்காகவே இருக்கிறது, குறுக்கு குறுக்காகவே இருக்கிறது. அதனால் ஆயா சொன்ன "மொறமொற" இந்த விதிக்கு அப்படியே பொருந்துகிறது: முறமுற, மொறமொற. அச்சில் நாம் பார்க்கும் "மொறுமொறு" இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மொ பேச்சிலிருந்து வந்தது, று முறுகலிலிருந்து வந்தது. இது என் கருத்து.

ராணிப்பேட்டை

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். "முறுமுறுப்பு" என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. சிறுவயதிலிருந்து சபைக்குப் போகிற எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தில் மாராவின் தண்ணீர் கசப்பாக இருந்தபோது ஜனங்கள் மோசேக்கு விரோதமாக முறுமுறுத்தார்கள். முறுமுறுத்தல் என்றால் வாய்க்குள்ளேயே குறை சொல்வது, முணுமுணுப்பது. எங்கள் பாட்டி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நாங்கள் முகத்தைச் சுளித்தால் "முறுமுறுக்காம சாப்டுங்க" என்பார். அதனால் "முறுமுறுப்பான முறுக்கு" என்று எழுதியிருந்தால் எனக்கு அது பலகாரத்தைச் சொல்வதாகவே படாது. குழந்தை எழுதியதுதான் சரியான இடத்தில் சரியான சொல்.

ஆம்பூர்த் தெரு

எங்கள் வீட்டில் உருது. வெளியே தமிழ். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் எல்லாம் அப்படித்தான். நோன்பு மாதத்தில் கஞ்சியோடு சமோசா இல்லாமல் ஒரு நாளும் போகாது. அதில் எங்கள் அம்மா இரண்டு சொல் வைத்திருக்கிறார். மெல்லிய பட்டியில் சுற்றிப் பொரித்த வெங்காய சமோசா கடித்தால் சத்தம் வரும், அது குர்குரா. நெய் போட்டுப் பிசைந்து, சத்தமே இல்லாமல் வாயில் உதிர்வது கஸ்தா. தமிழில் பேசும்போது அதே அம்மா முதலாவதை மொறுமொறு என்பார். இரண்டாவதற்குத் தமிழில் சொல் தேடித் தேடி, கடைசியில் கஸ்தா என்றே சொல்லிவிடுவார்.

பாலாற்றங்கரை அண்ணனின் ஆயா சொன்ன நொறுநொறு அந்த இடத்துக்கு ஆகுமா? நொறுநொறுவில் சத்தம் இருக்கிறதா, இல்லையா? ஆயாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

காட்பாடி வாசகி

நொறுங்குவது என்றால் சின்னச் சின்னத் துண்டாவது. "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்கிறோமே, அது நன்றாக மென்று தின்பதைத்தான். நொறுக்குத் தீனியும் அதிலிருந்துதான் வந்தது. அப்படியானால் பாயின் அம்மா சொல்லும் உதிர்வதற்கு நொறுநொறு கொஞ்சம் கிட்டே வருகிறது.

குடியாத்தம் பாவு

நான் நெசவுக் குடும்பம். கைலி நெய்த வீடு. பலகாரத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எங்கள் தொழிலில் "மொடமொட" என்று ஒரு சொல் உண்டு. பாவுக்குக் கஞ்சி போட்டு வெயிலில் நீட்டிக் காயவைத்து, கையால் தடவிப் பார்த்தால் நூல் விறைப்பாக நிற்க வேண்டும். "மொடமொடன்னு கீதா பாரு" என்பார் அப்பா. மொடமொடப்பு இருந்தால்தான் தறியில் நூல் அறுந்துபோகாது. ரொம்ப அதிகமானால் முறிந்துவிடும். புது ரூபாய் நோட்டையும் அப்படித்தான் சொல்வோம், கஞ்சி போட்ட வேட்டியையும். ஆனால் ஒருநாளும் முறுக்கை மொடமொட என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மொடமொட கைக்கு, மொறமொற பல்லுக்கு. இதற்கும் அதற்கும் சொந்தம் உண்டா என்று தமிழாசிரியர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

செவிலியர், வேலூர்

என் ஊர் கோட்டயம். இருபது வருடமாக வேலூரில்தான் வேலை. தமிழ் இங்கே வந்து கற்றது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் ஐயா, மலையாளத்தில் இதற்கு நேரான சொல் இருக்கிறது. தோசை, பூரி, மீன் பொரித்தது எல்லாவற்றுக்கும் "மொரிஞ்ஞ" என்போம். நன்றாகச் சிவக்கவிட்டு எடுப்பது "மொரிச்செடுக்குக". வினை மொரியுக. ஆனால் அதில் வருவது சின்ன ர. முறுக்கு, முறுகுக (இறுகுவது) இரண்டிலும் பெரிய ற. எங்கள் காதுக்கு ரவும் றவும் வேறு வேறு ஓசை, யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். அதனால் மலையாளத்தில் மொரியுகவும் முறுகுகவும் வேறு வேறு சொற்கள். வெற்றிலை போடுவதைக்கூட நாங்கள் முறுக்குக என்போம். அது வேறு விஷயம், சொல்லத் தோன்றியது.

தமிழில் சில பேர் மொறமொற என்றும் சில பேர் மொரமொர என்றும் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வார்டில் இருக்கும் வேலூர்ப் பெண்களிடம் கேட்டால் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருப்பத்தூர்

சிஸ்டர், உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். நான் முன்பு எழுதியதைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாற்பது வருடம் வகுப்பில் "ர இடையினம், ற வல்லினம்" என்று சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் எங்கள் பேச்சில் அந்த வேறுபாடு இல்லை. கறியும் கரியும் காதில் ஒன்றுதான், இடம் பார்த்துத்தான் பொருள் எடுக்கிறோம். அதனால் மொறமொற என்று நம் காதில் விழுவது எந்த ர என்று நம் காதை வைத்து முடிவு செய்ய முடியாது. மலையாளத்தின் மொரி நம் தமிழின் முரி என்ற வினையை நினைவூட்டுகிறது. முரிதல் என்றால் வளைதல், ஒடிதல். வல்லினத்தில் முறிதல் என்றாலும் ஒடிதலே. கிளை முறிந்தது, கை முறிந்தது, குடியாத்தத்து நண்பர் சொன்னது போல நூல் முறிந்தது.

இப்போது எனக்குத் தோன்றுவது இது. ஒரு பக்கம் முறுகு இருக்கிறது, இளக்கம் போய் இறுகுவது. இன்னொரு பக்கம் முரி, முறி இருக்கிறது, வளையாமல் ஒடிவது. பொருளில் இரண்டும் அடுத்தடுத்த வீடு. முறுகினது முறியும், முறுகாதது வளையும். அப்பளத்தை எடுத்துப் பாருங்கள். வளைந்தால் நமுத்துப்போயிற்று என்கிறோம், பட்டென்று உடைந்தால் மொறுமொறுப்பு என்கிறோம். ரவும் றவும் நம் வாயில் ஒன்றான பிறகு, இந்த இரண்டும் பொன்னையாறு பாலாற்றில் சேர்ந்த மாதிரி ஒன்றாகக் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன். எழுதும்போது மொறுமொறு என்று வல்லினம் போடுவதையே நான் விரும்புவேன். முறுகலோடு உள்ள உறவு கண்ணுக்குத் தெரியும்.

சத்தமா, பொருளா என்று இழையின் முதலில் கேட்டிருந்தார். தொல்காப்பியர் உரியியலைத் தொடங்கும்போதே உரிச்சொல் "இசையினும் குறிப்பினும் பண்பினும் தோன்றி" வரும் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்கிறார். காதுக்கு இசை, மனத்துக்குக் குறிப்பு, பொருளுக்குப் பண்பு. மொறுமொறுவில் மூன்றும் இருக்கிறது. பல்லில் கேட்கும் ஓசை, நாக்கில் படும் உணர்வு, பலகாரத்தின் பதம். இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைத் தள்ள வேண்டிய அவசியம் இல்லை.

கரகர தெலுங்கிலிருந்து வந்ததா என்று சகோதரி கேட்டிருந்தார். தெலுங்கில் கரகர, கன்னடத்தில் தோசைக்கு கரிகரி (முதல் எழுத்தை அழுத்திச் சொல்வார்கள்), தமிழில் பலகாரத்துக்கும் தொண்டை கட்டின குரலுக்கும் கரகர. அக்கம்பக்கத்து மொழிகள் எல்லாவற்றிலும் இருப்பதை ஒருவர் கொடுத்தார், ஒருவர் வாங்கினார் என்று சொல்ல வேண்டாமே. மொடமொட பற்றி: ஓசை ஒற்றுமை இருக்கிறது, வேர் உறவு சொல்ல எனக்குக் கைப்பிடி எதுவும் இல்லை. ஆனால் "கைக்கு, பல்லுக்கு" என்று அவர் பிரித்தது மிக அருமை.

காட்பாடி வாசகி

ஐயா, ஒரு சின்னக் கேள்வி. எங்கள் தெருவில் "முறுவலா ரெண்டு தோசை" என்று கேட்பார்கள். முறுவல் என்றால் புன்சிரிப்பு அல்லவா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருப்பத்தூர்

அது முறுகல்தான் அம்மா. பாகற்காய் பாவக்காய் ஆனது போல, ஆகாது ஆவாது ஆனது போல. சிரிப்பாகிய முறுவல் தனிச் சொல்.

பலகார அடுப்பு, வேலூர்

இருபத்தைந்து வருடமாக ஆர்டருக்குப் பலகாரம் செய்கிறேன். படித்தவர்கள் சொல்லைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் அடுப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால் அந்த ஆயா மூன்று சொல் சொன்னதில் மூன்று விதமான பிசைதல் இருக்கிறது.

முறுக்குக்கு நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு. வெண்ணெய் கொஞ்சம்தான். இதில் ஒரு இறுக்கம் இருக்கும், பல்லில் வைத்து அழுத்தினால் ஒரே அடியாக உடையும். அது மொறமொற. தட்டைக்கு ஊறவைத்த கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை மாவு, மேலே சூடாகக் காய்ச்சின எண்ணெய் ஒரு கரண்டி ஊற்றிப் பிசறுவோம். மெல்லிசாகத் தட்டி எடுத்தால் பல இடத்தில் ஒரே நேரத்தில் உடையும், பருப்பு நடுவில் கடிபடும். அது கரகர. ரிப்பனில் கடலை மாவும் வெண்ணெயும் கூடுதல். கையில் எடுத்தாலே உதிரும். வெண்ணெய் இன்னும் ஒரு பிடி அதிகமானால் எண்ணெயிலேயே பிரிந்து கரைந்துவிடும். நொறுநொறு என்று ஆயா சொன்னது ரொம்பச் சரி. ஆம்பூர் பாய்க்கும் இதுதான் பதில்: நெய் கூடக் கூடச் சத்தம் குறையும், உதிர்வது கூடும்.

பதம் பார்ப்பது கண்ணால் இல்லை, காதால். மாவை எண்ணெயில் விட்டதும் சளசளவென்று பெரிய சத்தம் வரும். மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வருகிற சத்தம் அது. போகப்போக நுரை குறையும், சத்தமும் அடங்கும். சத்தம் அடங்கினால் உள்ளே தண்ணீர் இல்லை என்று அர்த்தம், அப்போது எடுக்க வேண்டும். எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் மேலே சட்டென்று சிவந்துவிடும். புதிதாக வருகிற பிள்ளைகள் சிவந்ததைப் பார்த்து எடுத்துவிடுவார்கள். உள்ளே ஈரம் நிற்கும், ராத்திரிக்குள் நமுத்துப்போகும்.

நம் ஊரில் இன்னொரு சங்கடம், தீபாவளி வருவதே ஐப்பசி மழையில். சித்திரையில் சுட்ட வடாம் வாரக் கணக்கில் அப்படியே இருக்கும். ஐப்பசியில் தட்டில் வைத்த முறுக்கு ஒரு மணி நேரத்தில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நன்றாக ஆறவிட்டுத் தகர டின்னில் போட்டு இறுக்கி மூட வேண்டும். சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதைக் கெடுத்துவிடும்.

பாலாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. பலகார அடுப்பு அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ஆயாவிடம் போய் உட்கார்ந்தேன். சொல்லைப் பற்றி நேராகக் கேட்டால் "எனக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிவிடுவார். அதனால் கொஞ்சம் முறுக்கு சுடச் சொன்னேன், மகளும் பக்கத்தில் இருந்தாள்.

எண்ணெயில் போட்டுவிட்டு ஆயா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பழைய கதை பேசினார். சட்டியைப் பார்க்கவே இல்லை. சத்தம் குறைந்ததும் கதையை நிறுத்திவிட்டு, "முறுகிடுச்சி, எடு" என்றார். நான் எடுத்து வைத்தேன். ஆறினதும் மகள் ஒன்றைக் கடித்தாள். சத்தம் எனக்குக் கேட்டது. "மொறமொறன்னு கீதா?" என்று ஆயா அவளைக் கேட்டார்.

சட்டியில் இருக்கும்போது முறுகிடுச்சி, வாயில் போட்டதும் மொறமொற. ஒரே பலகாரத்துக்கு, கால் மணி நேரத்துக்குள், ஒரே வாயிலிருந்து இரண்டு சொல்லும் வந்தன. ஆசிரியர் ஐயா இரண்டும் கலந்துவிட்டது என்று எழுதியது எனக்கு அங்கேதான் புரிந்தது. ஆயாவுக்கு முறுகுவது அடுப்பில் நடப்பது, மொறமொறப்பு அது நடந்ததற்குப் பல் சொல்லும் சாட்சி.

ஆம்பூர்த் தெரு அண்ணா, உங்கள் கேள்வியையும் கேட்டேன். நொறுநொறுவில் சத்தம் உண்டா என்றதற்கு, "கீது, ஆனா உனக்கு மட்டும்தான் கேக்கும், பக்கத்துல உக்காந்தவனுக்குக் கேக்காது" என்றார்.

மகள் கட்டுரையை மறுபடி எழுதியிருக்கிறாள். மொறுமொறுப்பான முறுக்கு, கரகரப்பான தட்டை, நொறுநொறுவென்ற ரிப்பன் பக்கோடா என்று மூன்றையும் சேர்த்துவிட்டாள். திங்கட்கிழமை பள்ளிக்கு எடுத்துப் போகிறாள், கூடவே ஒரு சின்ன டின்னில் மூன்றும். ஆறவைத்துத்தான் மூடினோம், அக்கா.

குடியாத்தம் பாவு

ஆயாவின் ஊர் குடியாத்தத்துக்குப் பக்கத்தில் என்கிறீர்களே, எந்தப் பக்கம் என்று கேட்டுச் சொல்லுங்கள். எங்கள் அம்மாவும் எண்ணெய்ச் சட்டியைப் பார்க்காமல்தான் எடுக்கச் சொல்வார்.